விழுகிற பக்கத்துக் காலுக்கே எடையைக் கொடுங்கள்

மேலூர் பக்கத்துக் கிராமம், அப்பாவுக்கு 61 வயது, நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், இப்போது கட்டிலில் படுத்தபடி காலைத் தூக்குகிறார், மடக்குகிறார், ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்குகிறார். ஆனால் எழுந்து நின்றால் இடது பக்கமாகச் சாய்கிறார். இரண்டு தடவை விழுந்தும் விட்டார். வாரம் ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். நிலை (சாயாமல் நிற்கிற சமநிலை) திரும்ப எந்தப் பயிற்சி நல்லது, ஆறு மாதம் தாண்டினால் இனி வராது என்கிறார்களே, அது உண்மையா என்பது கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ராத்திரி பாத்ரூம் போக அம்மாவால் தனியாகத் தாங்க முடியவில்லை." உண்மையில் நீங்கள் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா யாரும் தாங்காமல் கொல்லைப்பக்கம் போய்த் திரும்ப முடியுமா, முடியும் என்றால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

நான் மதுரையில் 22 வருடமாக பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். முதல் சில வருடம் ஆஸ்பத்திரியில், அப்புறம் பெரும்பாலும் வீடு வீடாகப் போய்: ஒத்தக்கடை, திருப்பரங்குன்றம், திருமங்கலம், வாடிப்பட்டி என்று. உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை, ஸ்கேனும் பார்க்கவில்லை. அதனால் யாருக்கும் பொருந்துவது எது, அவரை நேரில் பார்த்த பிறகே சொல்ல முடிவது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். படுத்துக்கொண்டு செய்கிற பயிற்சியால் நிற்கிற நிலை வராது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து கையை வீசிக்கொண்டிருந்தால் நீச்சல் வருமா? தண்ணீரில் இறங்கினால்தான் வரும். மூளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் கற்றுக்கொள்கிறது. படுக்கையில் காலைத் தூக்கினால் படுக்கையில் காலைத் தூக்க வரும். நிற்பது வேறு வேலை. உள்ளங்கால் தரையை உணர வேண்டும், இடுப்பு பக்கவாட்டில் சாயாமல் பிடிக்க வேண்டும், முட்டி மடங்காமல் தாங்க வேண்டும், கையை எங்காவது நீட்டும் முன்பே உடம்பு அதற்குத் தயாராக வேண்டும். இவை எல்லாம் பலவீனமான காலின் மேல் எடை ஏறும்போது மட்டும்தான் நடக்கின்றன. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மனிதர்கள் நல்ல காலிலேயே நிற்கிறார்கள். அது இயல்புதான். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே நின்றால் இடது கால் என்று ஒன்று இருப்பதையே உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போய்விடும்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தை அமுக்கினால் கை விறைத்துப்போகும் என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பலம் கூட்டுகிற பயிற்சி விறைப்பைக் கூட்டுவதில்லை என்றுதான் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன, அதனால் அப்பாவைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் பந்து விரலை மடக்கத்தான் பழக்கும். பெரும்பாலானவர்களுக்கு வராமல் இருப்பது விரலை விரிப்பது. நிலைக்கும் பந்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த அரை மணி நேரத்தை நிற்பதற்குக் கொடுங்கள்.

திருமங்கலம் பக்கம் ஒரு பெரியவரிடம் போய்க்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். தன் வீட்டுக் கூடத்தில் நிற்க முடியவில்லை என்பது, கை விழுந்ததைவிட அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. படுக்கையில் கால் நன்றாகவே அசையும். என் கையை எதிர்த்து முட்டியை நீட்டுவார். "கால்தான் சரியாயிருச்சே, அப்புறம் ஏம்மா சாயுறேன்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒரு நாள் எடை பார்க்கும் மெஷின் இரண்டை எடுத்துப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து நிற்கவைத்தேன். "ரெண்டு கால்லயும் சமமா நிக்கிறீங்களா?" என்றேன். "சமமாத்தான் நிக்கிறேன்" என்றார், நிஜமாகவே அப்படி நம்பித்தான். குனிந்து பார்க்கச் சொன்னேன். வலது காலில் 51 கிலோ, இடது காலில் 13. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "பதிமூணா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி தினமும் அந்த எண்ணை மாதக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவைத்தார். 18, 17, 21 என்று ஏறி இறங்கி, ஏழு வாரத்தில் 27-க்கு வந்தது. அதற்கப்புறம் அடுப்படி மேடைக்கு முன்னால் நின்று, விழுந்த கையால் பழைய பேப்பரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நல்ல கையால் டிக்கெட் மாதிரி கிழித்துக் கிழித்துப் போடுவார். கை முழுதாக வரவில்லை. வெளியே போனால் கம்பு வேண்டும். ஆனால் தெருமுனை டீக்கடைக்குத் தானே போய்வந்தார்.

இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரே ஒரு மெஷின் போதும். அதே உயரத்துக்கு ஒரு பலகையை வைத்து வலது காலைப் பலகையிலும் இடது காலை மெஷினிலும் வைக்கச் சொல்லுங்கள். வழுக்காத தரையில் வையுங்கள், பின்னால் நாற்காலி இருக்கட்டும், முன்னால் அடுப்படி மேடையோ ஜன்னல் திண்டோ இருக்கட்டும். நல்ல கையை மேடையில் சும்மா வைத்துக்கொள்ளலாம், ஊன்றக் கூடாது. ஊன்றினால் எடை கைக்குப் போய் மெஷின் பொய் சொல்லும். முதல் நாள் வருகிற எண் சின்னதாக இருந்தால் மனதை விடவேண்டாம். சமமாக வரவேண்டும் என்று அவசரப்படாமல், இன்று வந்ததைவிட இரண்டு மூன்று கிலோ கூடுதலாகப் பத்து விநாடி நிற்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இடது பக்கம் சாய்வதற்கு ஒரே ஒரு காரணம் இல்லை. காரணத்துக்கு ஏற்ப வைத்தியம் மாறும். இடது பக்கம் விழுந்தால் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் வலது பாதியில். அங்கே அடி விழுந்தவர்கள் சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்தில் வருவதில்லை. கண் தெரியும், ஆனால் மனம் அந்தப் பக்கம் போகாது. சாப்பிட்டு எழுந்தபின் தட்டின் இடது பாதியில் சோறு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சவரம் செய்யும்போது இடது கன்னத்தை விட்டுவிடுகிறாரா, வாசலைக் கடக்கும்போது இடது தோள் கதவில் இடிக்கிறதா? இருந்தால் வெறும் கால் பயிற்சி போதாது. தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி, டிவி, பேசுகிற ஆள் என்று எல்லாவற்றையும் இடது பக்கம் வைத்து அவரை அந்தப் பக்கம் திருப்பிப் பழக்க வேண்டும். இன்னொரு சோதனை: கண்ணை மூடச் சொல்லி, இடது கால் கட்டைவிரலை மெதுவாக மேலேயோ கீழேயோ அசைத்து எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பத்தில் பாதிக்கு மேல் தவறினால், கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வே குறைந்திருக்கிறது. அப்படிப்பட்டவர் இருட்டில் எளிதில் விழுவார், ஏனென்றால் அவர் கண்ணை வைத்துத்தான் நிற்கிறார். உங்கள் அப்பாவுக்கு ராத்திரி பாத்ரூம் போவதுதான் சிக்கல் என்பதால் இதை முக்கியமாகப் பாருங்கள். அடுத்தது ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் அது காலின் கோளாறு அல்ல, டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

இன்னொரு வகை உண்டு, வீட்டில் இருப்பவர்களை மிகவும் குழப்புவது. சிலர் சும்மா சாய்வதில்லை, நல்ல கையாலும் நல்ல காலாலும் தங்களையே விழுந்த பக்கத்துக்குத் தள்ளுவார்கள். நாம் நேராக்கினால் இன்னும் பலமாக எதிர்த்துத் தள்ளுவார்கள். பிடிவாதம் என்று வீட்டில் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிடிவாதம் இல்லை. எது நேர் என்று சொல்லும் அளவே அவர்கள் மூளைக்குள் சாய்ந்துவிட்டது. நாம் நேராக்கும்போது அவர்களுக்கு வலது பக்கம் விழுவது போலத் தோன்றுகிறது. இப்படி இருந்தால் கையால் தள்ளி நேராக்காதீர்கள். வாசல் நிலைக்கு முன்னால் உட்காரவைத்து, அப்புறம் நிற்கவைத்து, "நிலைக்கால் நேரா இருக்கு பாருங்க, நீங்க அதோட நேரா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் அவரே திருத்திக்கொள்ள முயல்வார். நல்ல பக்கம் சுவர் இருக்குமாறு நிறுத்தி, வலது தோளால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். இவர்களுக்கு நிலை வரக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதங்களில் தணிந்துவிடுகிறது. உங்கள் அப்பா இந்த வகையா என்று நேரில் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பயிற்சி. ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் சொல்வது, உட்கார்ந்து எழுவது. இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கழிவறையில், கட்டிலில், பஸ்ஸில், எங்கே போனாலும் வேண்டியதும் இதுதான். பிளாஸ்டிக் சேர் வேண்டாம், வழுக்கும், கவிழும். கயிற்றுக் கட்டிலும் வேண்டாம், நடுவில் குழிந்துவிடும். சுவரோடு ஒட்டிப் போட்ட கனமான மர நாற்காலி நல்லது. உங்கள் வீட்டில் திண்ணை இருந்தால் இன்னும் நல்லது, அசையாது. உயரம் முட்டி மட்டத்தில் இருக்கட்டும். எழ முடியவில்லை என்றால் மேலே பலகை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், பலம் வர வரக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், குதிகால் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால். இங்கேதான் ஒரு நுட்பம்: நல்ல பாதத்தை ஒரு சாண் முன்னால் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அப்போது எழும்போது எடை தானாகவே பின்னால் இருக்கிற இடது காலுக்குப் போகும். இரண்டு கையையும் கோத்து முன்னால் நீட்டி, மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை குனிந்து, அப்புறம் எழச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் "நிமிர்ந்து எந்திரிங்க" என்பார்கள். நிமிர்ந்தபடி எழுந்தால் பின்னால்தான் விழ வேண்டும். குனிந்தால்தான் எழ முடியும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் நான்கு எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் தொடை நிறைய வேலை செய்கிறது. ஒரு தடவைக்கு ஐந்து முறை, ஒரு நாளைக்கு நான்கு தடவை என்று தொடங்குங்கள். பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டு போகலாம். முட்டி வலித்தால் உயரத்தைக் கூட்டுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

நிற்பதற்கே பயப்படுகிறவர் என்றால் உட்கார்ந்தபடியே தொடங்கலாம். கட்டில் விளிம்பில், பாதம் தரையில் பதிய உட்காரவைத்து, நல்ல கையால் ஒரு செம்பையோ பழத்தையோ எட்டி எடுக்கச் சொல்லுங்கள். கை நீளத்துக்குள் இருந்தால் பயனில்லை. உடம்பு சாய்ந்தால்தான் எட்டும் என்கிற தூரத்தில், இடது பக்கமும் நேர் முன்னாலும் வையுங்கள். எட்டும்போது இடது பாதம் தரையை அழுத்துவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன 20 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு இதே மாதிரி எட்டி எடுக்கும் பயிற்சியை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 1997-இல் வெளியான ஆய்வு. பயிற்சி பெற்றவர்கள் கூடுதல் தூரம் எட்டினார்கள், பாதிக்கப்பட்ட காலில் எடையும் கூடுதலாக ஏற்றினார்கள். 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது.

நிற்க வந்தபின் அடுப்படி மேடைதான் நமக்கு ஜிம். மேடையை நோக்கி நின்று, பின்னால் நாற்காலி இருக்க, நல்ல காலை மட்டும் தூக்கி ஒரு செங்கல் உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சில விநாடி முழு எடையும் இடது காலில். கால் நடுங்கும், நடுங்கட்டும். முட்டி சட்டென்று பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொண்டால் மட்டும் நிறுத்தி, முட்டியைத் துளி மடக்கி நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் இடது பக்கமும் வலது பக்கமும் நடப்பது, நான்கு அடி பின்னால் நடப்பது, நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றித் திரும்புவது. பலர் நேராக நடக்கும்போது விழுவதில்லை, திரும்பும்போதும் யாராவது பின்னாலிருந்து கூப்பிடும்போதும்தான் விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் தேறியதும் பேசிக்கொண்டே நடக்கவையுங்கள். அம்மா பூக் கட்டும்போது பக்கத்தில் நின்று பூவை எடுத்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வேலையோடு சேர்ந்து நிற்பது எண்ணிக்கை எண்ணி நிற்பதைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும்.

பிடிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்பது பயிற்சியைப் போலவே முக்கியம். இடது பக்கம், அரை அடி பின்னால். இடுப்பில் ஒரு பெரிய துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். விழுந்த கையின் தோள் மூட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தசை தளர்ந்திருக்கும். ஒரு இழுப்பில் மூட்டு கீழே இறங்கிவிடும், அப்புறம் வருகிற தோள் வலி மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும். வேலை பழகிய புதிதில் நானே ஒரு அம்மாவை அப்படிக் கைகொடுத்து எழுப்பியிருக்கிறேன். அவர் அடுத்த நாள் கையைத் தொடவிடாமல் அழுதது இன்னும் மறக்கவில்லை. உத்தரத்தில் கயிறு கட்டிக் கப்பி போட்டு நல்ல கையால் விழுந்த கையை மேலே இழுக்கிற பயிற்சியும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

நடையில் சுருக்கமாக மூன்று விஷயம். கம்பு நல்ல கையில், அதாவது வலது கையில். முதலில் கம்பு, அப்புறம் இடது கால், அப்புறம் வலது கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். ரப்பர் செருப்பு வேண்டாம், உணர்வு குறைந்த காலிலிருந்து நழுவி அதுவே தடுக்கும். குதிகாலுக்குப் பட்டை இருக்கிற செருப்பு வாங்குங்கள். நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தொங்கித் தரையில் உரசினால் அதற்குக் கணுக்கால் ஸ்பிளின்ட் (பாதத்தைத் தொங்காமல் பிடிக்கும் தாங்கி) உண்டு, அளவெடுத்துச் செய்து கொடுப்பார்கள். கால் தடுக்குவது அதில் குறையும். ராத்திரிக்கு, கட்டிலிலிருந்து கொல்லைவரை ஒரு விளக்கு எரியட்டும், வழியில் மிதியடி, பாய், வயர் எதுவும் கிடக்கக் கூடாது. முழுதாகத் தேறும்வரை கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி போடுங்கள். அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்தால் இதுவரை வந்ததும் போய்விடும்.

தரையிலிருந்து எழுவதையும் இப்போதே பழக்குங்கள். நம் வீடுகளில் தரையில் உட்காராமல் வாழ முடியாது, விழுந்தாலும் தரையில்தான். விழுந்தவரை நான்கு பேர் சேர்ந்து அள்ளித் தூக்குவதுதான் வழக்கம். அது அவருக்கும் ஆபத்து, தூக்குகிறவர் முதுகுக்கும் ஆபத்து. முதலில் அப்படியே விடுங்கள், வலி எங்கே என்று கேளுங்கள். அடிபடவில்லை என்றால் நல்ல பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, முழங்கையை ஊன்றி, உள்ளங்கையை ஊன்றி, முட்டி போட்டு நிற்கவையுங்கள். முன்னால் ஒரு கனமான நாற்காலியைப் போட்டு நல்ல கையை அதில் ஊன்றச் சொல்லுங்கள். நல்ல காலை முன்னால் வைத்து எழ வேண்டும். விழாத ஒரு நாளில் பாய் விரித்து, பிசியோதெரபிஸ்ட் இருக்கும்போது இதைப் பழகிவையுங்கள். எழத் தெரியும் என்ற தைரியம் வந்தாலே நிற்கிற பயம் பாதி போய்விடும்.

எவ்வளவு நேரம் என்பதில் நீங்கள் யோசிக்க வேண்டும். பிரிட்டனின் பக்கவாத சிகிச்சை வழிகாட்டி நெறிகளில் முன்பு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நாளைக்கு 45 நிமிடம் என்று இருந்தது. 2023-இல் அதை மாற்றி, இயக்கம் திரும்ப வேண்டியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 5 நாள் என்றார்கள். உங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடக்கிறது. மீதி நேரம் வீட்டார் கையில்தான். ஆனால் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யவைத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது என் கருத்து மட்டுமே: அன்பும் ஆளும் இருந்தால் போதாது, பயிற்சியைப் போதிய அளவு கடினமாக்கிக்கொண்டே போக ஒரு கண் வேண்டும். எனவே வாராந்திர பிசியோதெரபிஸ்ட்டை நிறுத்தாதீர்கள். அவர் வரும் ஒரு மணி நேரத்தைக் கையைத் தேய்த்துவிடச் செலவிடவிடாமல், அடுத்த ஆறு நாளுக்கான பயிற்சியைக் கூட்டித்தரக் கேளுங்கள். செலவு பாரமாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு.

ஆறு மாதக் கணக்குக்கு வருகிறேன். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகம், அதற்கப்புறம் மெதுவாகும், இது உண்மை. ஆறு மாதத்தில் கதவு அடைத்துவிடும் என்பது உண்மை இல்லை. அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்து 2011-இல் வெளியான ஒரு ஆய்வில், உடம்பைப் பட்டையில் தாங்கி டிரெட்மில்லில் நடக்கவைத்ததையும், வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் செய்யவைத்த பலப் பயிற்சி, நிலைப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. டிரெட்மில்லை ஆறு மாதம் கழித்தே தொடங்கியவர்களும் ஒரு வருடத்தில் மற்றவர்கள் அளவுக்கு வந்திருந்தார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்கிற மெஷினுக்காக நிலத்தை விற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கரண்ட் வைப்பது, பாதத்தைத் தூக்கவைக்க நடையோடு சேர்த்துச் செய்தால் உதவும். படுத்துக்கொண்டு கரண்ட் வாங்கிக்கொள்வது நிற்பதற்கு ஈடாகாது. ஸ்டெம் செல் ஊசி பக்கவாதத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருந்தால் தேயுங்கள், ஆனால் குளிப்பாட்டும் முன் உள்ளங்காலில் எண்ணெய் துளிகூட இருக்கக் கூடாது. புறா ரத்தம் பூசுவது பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் நரம்பு திரும்பாது, அவர்கள் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

அப்பா எவ்வளவு தூரம் வருவார் என்று கேட்டால், இங்கிருந்து நான் சொல்வது ஊகமாகத்தான் இருக்கும். படுக்கையில் காலைத் தூக்குகிறார் என்பது நல்ல அறிகுறி. காலில் உணர்வு இருந்து, இடது பக்கம் கவனத்தில் வராத கோளாறும் இல்லை என்றால் வீட்டுக்குள் தனியாக நடப்பது எட்டக்கூடிய இலக்கு என்று நினைக்கிறேன். கை எவ்வளவு வரும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. கை பெரும்பாலும் காலைவிடப் பின்தங்கும். பத்து நிமிடத்தில் களைத்துப் படுத்துவிட்டால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுக்காதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வருகிற களைப்பு ஒரு தனி நோய் மாதிரி. நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெயிலுக்கு முன் ஒரு பங்கு, சாயங்காலம் ஒரு பங்கு என்று வையுங்கள். சும்மா இருக்கும்போதே அழுகிறார், யாரோடும் பேசவில்லை, சாப்பாடு வேண்டாம் என்கிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, மருந்தும் உண்டு.

பயிற்சிக்கு முன் சாப்பிட்டிருக்க வேண்டும், சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் கட்டாயம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், வலியோ திணறலோ உட்கார்ந்த பிறகும் தணியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தம் கட்டியிருக்கலாம். வாய் புதிதாகக் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. மூளை ரத்தக்குழாயை அடைக்கிற ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மேலூரிலிருந்து மதுரைக்கு வருவதற்கும் ஸ்கேன் எடுப்பதற்கும் அதில்தான் நேரம் போகும், "காலையில் பார்க்கலாம்" என்று வைக்காதீர்கள்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் வரும்போது நிலையை அளக்கிற பெர்க் அளவுகோலில் அப்பாவை அளந்து தரச் சொல்லுங்கள். உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, திரும்புவது என்று 14 சோதனை, மொத்தம் 56 மதிப்பெண், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மாதம் ஒரு முறை அளந்தால் முன்னேறுகிறாரா என்பது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் நீங்கள் மூன்றைப் பார்த்து எழுதுங்கள்: தட்டில் இடது பக்கம் சோறு மிஞ்சுகிறதா, கண்ணை மூடினால் கட்டைவிரல் அசைவு தெரிகிறதா, எடை மெஷினில் இடது கால் என்ன காட்டுகிறது. அவை தெரிந்தால் இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.